டிஸ்னி சொத்து வரி வழக்கு

டிஸ்னி சொத்து வரி வழக்கு என்பது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வால்ட் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா வளாகத்திலுள்ள யாட் அண்டு பீச் கிளப் விடுதியின் 2015ஆம் ஆண்டு வரி மதிப்பீட்டைக் குறித்து எழுந்த வழக்காகும். ஆரஞ்சு மாவட்டச் சொத்து மதிப்பீட்டாளர் இவ்விடுதியை ஏறத்தாழ 337 மில்லியன் டாலர் என மதிப்பிட்டார். அங்கு பள்ளிகளின் செலவில் ஒரு பகுதி இவ்வரியிலிருந்தே கிடைக்கிறது.

விடுதியின் வருமானத்தைக் கொண்டு மதிப்பைக் கணித்தால், டிஸ்னி என்ற பெயருக்காக வருவோர் தரும் பணமும் கட்டடத்தின் மதிப்பாகிவிடும் என்று நிறுவனம் வாதிட்டது. வணிகப் பெயர் தொட்டுணர முடியாத சொத்து. அதற்கு இவ்வரி கிடையாது. ஆனால் விருந்தினர் செலுத்தும் வாடகையில் அறைக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு எனப் பிரிப்பது எளிதன்று.

மதிப்பீட்டாளர் கையாண்ட ரஷ்மோர் முறை மாநிலச் சட்டத்துக்கு முரணானது என 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் கீழ் நீதிமன்றம் குறைத்து நிர்ணயித்த தொகையையும் ஏற்காது, மறுமதிப்பீடு செய்யப் பணித்தது.