500 ரூபாய் ஆன்டெனா வாங்கினா டிவி ஃப்ரீயா? திருச்செங்கோட்டுக்கு எது சரிப்படும்?



"கேபிளை கட் பண்ணுங்க, ஒரு சின்ன ஆன்டெனா மாட்டுங்க, ஆயுசு முழுக்க டிவி ஃப்ரீ." இந்த மாதிரி வீடியோ உங்க ஃபோன்லயும் வந்திருக்கும். மாசக் கடைசியில பேலன்ஸைப் பார்த்துப் பார்த்துச் செலவு பண்ற நமக்கு ஆசையாத்தான் இருக்கும். ஆனா ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

அங்க ஓடுது, இங்க ஏன் ஓடாது?

அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கானவை. அங்க ஏபிசி, சிபிஎஸ், என்பிசி மாதிரி பெரிய சேனல்களே டவர் வழியா இலவசமா வருது. இந்தியாவுல டவர் வழி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டும்தான். தனியார் சேனல் எதுவும் அப்படி வர்றதில்லை.

அப்பா காலத்துல மொட்டை மாடியில ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்களே, அந்த தூர்தர்ஷன் அனலாக் டவர்களையும் பிரசார் பாரதி படிப்படியா மூடிடுச்சு. 2022 மார்ச்சுக்குள்ள, முக்கியமான சுமார் 50 இடங்களைத் தவிர மத்ததை நிறுத்துறதா அறிவிச்சாங்க. 2016-ல சென்னை உட்பட 16 நகரங்கள்ல டிஜிட்டல் டவர் ஒளிபரப்பு ஆரம்பிச்சாங்க. அந்தப் பட்டியல்ல திருச்செங்கோடு இல்லை. அதனால இங்க அந்த 500 ரூபாய் ஆன்டெனா வீண் செலவுதான்.

நம்ம ஊருக்கு உள்ள வழி

டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் பிளஸ்-னு ஆரம்பிச்சது. பிரசார் பாரதியே நடத்துது, மாசச் சந்தா கிடையாது. டிஷ், எல்என்பி, பாக்ஸ், ஒயர் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு தடவை ஏறத்தாழ 2,000 ரூபாய் செலவு.

வாங்கும்போது ரெண்டு விஷயம் கவனிங்க:

1. பாக்ஸ் எம்பெக்-4 ரகமா இருக்கணும். பழைய எம்பெக்-2 பாக்ஸ்ல சில சேனல் வராது.
2. உங்க டிவி மேனுவல்ல டிவிபி-எஸ்2 ட்யூனர்-னு போட்டிருக்கான்னு பாருங்க. இருந்தா தனி பாக்ஸ் இல்லாமலே டிஷ் ஒயரை நேரா டிவியில சொருகிப் பார்க்கலாம்.

டிஷ் எந்தப் பக்கம் பார்க்கணும்?

சிக்னல் வர்றது ஜிசாட்-15 செயற்கைக்கோள்ல இருந்து. அது 93.5 டிகிரி கிழக்குல இருக்கு. திருச்செங்கோட்டுல இருந்து பார்த்தா தென்கிழக்கு. ஃபோன் காம்பஸ்ல சுமார் 125 டிகிரி, தரையில இருந்து சுமார் 67 டிகிரி உயரம். அவ்வளவு மேல நோக்குறதால நம்ம மலை குறுக்க வருமோன்னு பெரும்பாலும் கவலை வேண்டாம். பக்கத்து வீட்டுத் தென்னை மரமும், ஒட்டிக் கட்டின மாடியும்தான் மறைக்கும். பழைய டிடிஎச் டிஷ் உங்க சொந்தமா இருந்தா அதையே திருப்பி வச்சுக்கலாம், எல்என்பி பொருந்துதான்னு மட்டும் பார்த்துக்கோங்க. கனமழையில படம் கொஞ்ச நேரம் விட்டு விட்டு வரும், அது இயல்புதான்.

இப்ப கணக்குக்கு வருவோம்

உதாரணத்துக்கு, வீட்டுல மாசம் 250 ரூபாய் கட்டுறீங்கன்னு வைங்க. வருஷத்துக்கு 3,000. அஞ்சு வருஷத்துல 15,000. ஃப்ரீ டிஷ் போட்ட 2,000 எட்டு மாசத்துல திரும்ப வந்திடும். மீதி நாலு வருஷம் நாலு மாசத்துல 13,000 ரூபாய் உங்க கையில.

கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா டிவி பார்க்கிறது யாரு? நீங்க ஃபோன்ல பார்க்கிறீங்க. ரிமோட் அம்மா கையில இருக்கு.

சன் டிவி, விஜய் மாதிரி கட்டண சேனல்கள் ஃப்ரீ டிஷ்ல வராது. டிடி தமிழ் வரும் (நம்ம பழைய பொதிகைதான், 2024 ஜனவரியில பேர் மாறுச்சு). செய்தி, இந்தி சேனல்கள் நிறைய இருக்கு, தமிழ் குறைவு. சாயங்காலம் சீரியல் பார்க்கிறது அவங்களோட ஒரே பொழுதுபோக்குன்னா, மாசம் 250 ரூபாய்க்காக அதைப் பிடுங்குறது சேமிப்பு இல்லைங்க.

அப்ப என்ன பண்ணலாம்?

- தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? டிவியே வேண்டாம். பிரசார் பாரதியோட வேவ்ஸ் ஆப்ல டிடி சேனல்களை ஃபோன்லயே பார்க்கலாம்.
- வீட்டுல செய்தியும் பழைய படமும் போதுமா? ஃப்ரீ டிஷ் போடுங்க.
- சீரியல் கட்டாயமா? கேபிளோ டிடிஎச்சோ இருக்கட்டும், பேக்கை மட்டும் குறைங்க. 2019-ல ட்ராய் கொண்டு வந்த விதிப்படி வேணுங்கிற சேனலை மட்டும் தனித்தனியா எடுக்கலாம். ஒரு வாரம் வீட்டுல எந்தெந்த சேனல் ஓடுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்த லிஸ்ட்டை அம்மாகிட்ட காட்டிக் கேட்டுட்டு, மத்ததை எடுக்கச் சொல்லுங்க.

இதுல மாசம் 80 ரூபாய் குறைஞ்சாலும் வருஷத்துக்கு 960 ரூபாய். வீட்டுல யாருக்கும் எதுவும் குறையாம வர்ற 960 ரூபாய்.

உங்க வீட்டு டிவி பில் எவ்வளவு, அதுல யாருமே பார்க்காத சேனல் எத்தனைன்னு இன்னைக்கே பாருங்க.