குசும்பாவின் பல முகங்கள்

தை மாதத்தில் தக்காணத்துக் கரிசல் வயல்களின் ஓரமாகச் செல்லும் நம் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு: “மஞ்சளும் செம்மஞ்சளுமாய்ப் பூத்து நிற்கிறதே, அந்த முட்செடி எது?” அதுதான் குசும்பா. மராத்தியர் கரடை என்றும், கன்னடியர் குசுபெ என்றும் அழைப்பர். மழை ஓய்ந்தபின் மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே, ஆழ வேரோடி வளரும் எண்ணெய் வித்துப் பயிர் இது. நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் உள்ள பெயர் இதற்கு இல்லை. ஆயினும் இதன் கதை அறியத்தக்கது.

ஆராய்ச்சி வயலில் ஒரு வரிசைக்கு ஒரு வித்து என விதைத்துப் பார்த்தால், இது ஒரே பயிர்தானா என்ற ஐயமே எழும். பூவில் வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறங்கள் வேறுபடும். ஒரு செடி கையைக் கிழிக்கும் முள்ளுடன் நிற்கும். அதன் பக்கத்துச் செடி முள்ளே இல்லாமல் நிற்கும். முள்ளுக்கு அஞ்சி அறுவடைக்கு ஆள் வர மறுக்கும் இக்காலத்தில், முள்ளற்ற வகை உழவனுக்குப் பெரும் உதவி. விதையின் தோலும் அவ்வாறே. தோல் தடித்தால் எண்ணெய் குறையும், மெலிந்தால் மிகும்.

கண்ணுக்குப் புலப்படாத வேற்றுமை எண்ணெயில் இருக்கிறது. வழக்கமான குசும்பா எண்ணெயில் நான்கில் மூன்று பங்கு லினோலிக் அமிலம். இது காற்றுப்பட்டால் உலர்ந்து இறுகும் இயல்புடையது; ஆகவே வண்ணப்பூச்சுக்கும் பயன்பட்டது. ஆனால் இந்தியாவிலிருந்து சென்ற ஒரு வித்தில் இந்த அளவு தலைகீழாக இருப்பதை 1957-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அதில் ஒலியிக் அமிலமே மிகுதி. இத்தகைய எண்ணெய் சூட்டைத் தாங்கும், விரைவில் காறாது.

காரணம் ஒரே ஒரு மரபணு. ஒலியிக் அமிலத்தை லினோலிக் அமிலமாக மாற்றும் நொதி விதையில் சரிவர வேலை செய்யாமல் போனதே இதன் அடிப்படை. தாய், தந்தை இருவழியிலும் அந்த மரபணு வந்தால்தான் பண்பு முழுமையாக வெளிப்படும். கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால்டன் நோல்ஸ் இதை ஆராய்ந்து, 1966-இல் யு.சி.-1 என்னும் வகையை வெளியிட்டார். அயல்நாட்டில் ஒரு தொழிலுக்கே அடிகோலிய அந்தப் பண்பு, நம் நாட்டில் யாரோ ஓர் உழவனின் வயலில் விளைந்தது.

என் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். முதலாண்டில், என் பாத்தியில் மாறுபட்டு நின்ற செடி ஒன்றைக் ‘கலப்பு’ என்று பிடுங்கி எறிந்தேன். “அதன் விதையைச் சோதித்தாயா?” என்று என் ஆசிரியர் கேட்டார். விடை சொல்ல இயலாமல் நின்றேன்.

இன்று குசும்பா விளைந்த நிலங்களைக் கொண்டைக்கடலை முதலியன பிடித்துக்கொண்டன. பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. தில்லியிலும் ஐதராபாத்திலும் உள்ள நிலையங்கள் ஆயிரக்கணக்கான வித்து மாதிரிகளைக் குளிரறைகளில் காக்கின்றன. அது இன்றியமையாத பணி. ஆனால் குளிரறையில் உறங்கும் வித்து அசுவினியையும் வறட்சியையும் எதிர்த்துப் போராடிப் பழகுவதில்லை. வயலில் வாழும் வித்தே காலத்தோடு மாறும்.

ஆகவே நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது, உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி கட்டி வைத்த பழைய விதை முடிச்சு எதுவாயினும், அதை எறியுமுன் ஒருமுறை கேளுங்கள்: இது எந்த வித்து, யார் கொடுத்தது, எதற்காக வைத்திருக்கிறீர்கள்? நான் கேட்கத் தவறிய கேள்வி அது.