பத்மநாபபுரம் போவோமா?

வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் கன்னியாகுமரிக் கடலை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். தக்கலையில் பஸ் இறங்கினால் பத்மநாபபுரம் பக்கம்தான். கல்குளம் என்ற பழைய பெயர் கொண்ட இவ்வூர், 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகர். கருங்கல் கோட்டைக்குள் மரத்தால் இழைத்த அரண்மனை. அதன் தாய்க்கொட்டாரம் என்ற பகுதியில் பலாமரத்தில் செதுக்கிய தூணைத் தவறவிடாதீர்கள். முகம் தெரியும் கறுப்புத் தரையைக் குனிந்து பாருங்கள்: சுண்ணாம்போடு சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகியது என்பார்கள். எத்தனை கைகளின் உழைப்பு! 1956இல் இவ்வூர் உள்ள குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தாலும், அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் அழைத்துச் செல்லுங்கள்.