வரவேற்பறையில் ஒரு வேட்டைக்காரன்

பெரிய மீன் வளர்க்கும் ஆசை நகரங்களில் பரவிவிட்டது. மீனுக்கு முன்னால் தண்ணீரை வளர்க்க வேண்டும் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வடக்கு கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் கால் வைக்க இடமில்லை. செடிகளையும் பறவைகளையும் தாண்டிப் போனால் மீன் வியாபாரம். ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் விரல் நீள மீன்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சு நிறக் கோலம். பெயர் ஆஸ்கர். குழந்தை கை நீட்டுகிறது, அப்பா பர்ஸை எடுக்கிறார். நாலு மீன், இரண்டடித் தொட்டி, ஒரு ஃபில்டர், கலர் கற்கள், கூடவே ஒரு பிளாஸ்டிக் கப்பல். மத்தியானத்துக்குள் எல்லாம் வரவேற்பறைக்கு வந்துவிடுகின்றன. மும்பையின் குர்லாவிலும் சென்னையின் கொளத்தூரிலும் இதே காட்சிதான். மொழிதான் வேறு.

பத்தாவது நாள் தண்ணீர் பால் கலந்தாற்போல் மங்குகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. முதலில் ஒன்று மிதக்கிறது, இரண்டு நாளில் இன்னொன்று. கடையில் கேட்டால் ‘நோய்’ என்று சொல்லி நீல நிற மருந்து ஒன்றைக் கொடுக்கிறார்கள். மருந்துக்கும் மீன் பிழைப்பதில்லை. குழந்தை அழுகிறது. தொட்டி பரணுக்குப் போகிறது.

பெரும்பாலும் அது நோயே அல்ல. மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்திருக்கிறது.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட உணவும் அழுகி அம்மோனியா ஆகிறது. ஆற்றில் இதைக் கரைத்துக் கொண்டுபோக வெள்ளம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் அந்த வேலையைக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்தான் செய்ய வேண்டும். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் லேசுப்பட்டதல்ல. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை அது கெடுத்து, ரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிப்பது இதனால்தான். கடைசியில் வரும் நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போதும்.

நன்னீர்த் தொட்டிகளில் இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற இனம் என்பதே 1998இல்தான் தெளிவானது. இந்த இரு கூட்டமும் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை இல்லை. மீன் மட்டும் இருக்கிறது.

சின்ன கப்பி மீன் என்றால் கழிவும் கொஞ்சம்தான். ஆஸ்கர் விஷயம் வேறு. அமேசான் படுகையிலிருந்து வந்த இந்த மீனுக்கு 1831இல் அகாசிஸ் என்ற விஞ்ஞானி முதன்முதலில் பெயரிட்டபோது, இதைக் கடல் மீன் என்றே தவறாக நினைத்தார். சிக்லிட் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஏரி, குளமெல்லாம் நிறைந்துவிட்ட ஜிலேபிக் கெண்டை அந்தக் குடும்பம்தான். கேரளம் 2010இல் மாநில மீனாக அறிவித்த கரிமீனும் அதே குடும்பம்.

கடையில் 5 செ.மீ. இருக்கும் ஆஸ்கர் முதல் சில மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. வளரும். முழு வளர்ச்சியில் 30 செ.மீ. தாண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். இரண்டாம் வகுப்பில் வாங்கியது பிளஸ் டூ வரை கூட வரும் என்று கணக்கு.

இரண்டடி நீளமும் ஒரு அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் 57 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். அதில் வளர்ந்த ஆஸ்கர் ஒன்று திரும்பிப் படுப்பதே கஷ்டம். ‘தொட்டிக்கு ஏற்றபடிதான் மீன் வளரும்’ என்று கடையில் சொல்வதை நம்பக் கூடாது. கெட்ட தண்ணீரில் வளர்ச்சி குன்றும் என்பதுதான் அதன் பொருள். ஒரு ஜோடிக்குக் குறைந்தது 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். அதில் பிடிப்பது 450 லிட்டர். தண்ணீர் மட்டுமே 450 கிலோ. கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவரை ஒட்டி, உறுதியான தரையில்தான் வைக்க வேண்டும்.

சரியான வழி மெதுவானது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட வேண்டும். அது அழுகி பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகும். நல்ல நிலையில் ஓடும் பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஸ்பாஞ்சுத் துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல அது வேலையை விரைவாக்கும். சொட்டு விட்டால் நிறம் மாறும் டெஸ்ட் கிட் கடைகளில் கிடைக்கிறது. முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். உணவு போட்டுவந்தும் இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால்தான் மீனை அழைக்கலாம். அதுவும் ஒரேயடியாக நாலு அல்ல.

சில சங்கதிகள் நம் ஊர்களுக்கே உரியவை. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீனின் செவுளையும் பாக்டீரியாவையும் சேர்த்தே கெடுக்கும். ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரையோ, குளோரின் நீக்கும் மருந்து கலந்த தண்ணீரையோதான் ஊற்ற வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவது, பாடுபட்டுச் சேர்த்த பாக்டீரியாவைச் சாக்கடைக்கு அனுப்புவதாகும். தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கொண்டது. பி.ஹெச். 7இலிருந்து 8க்குப் போனால் அதே அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு சுமார் பத்து மடங்காகிறது. மின்வெட்டு நீண்டால் ஃபில்டர் நின்று பாக்டீரியாவும் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. டெல்லிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் முடியாது.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுவதென்றால் 450 லிட்டர் தொட்டிக்கு 110 லிட்டர். கிட்டத்தட்ட ஆறு கேன். 2019இல் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த சென்னைவாசிக்கு இது என்ன கணக்கு என்று புரியும். வெளியே எடுக்கும் தண்ணீர் வீணல்ல, அதில் உள்ள நைட்ரேட் செடிகளுக்கு உரம்.

இத்தனை பாடும் எதற்கு? ஆஸ்கர் வளர்த்தவர்கள் அதை மீன் என்று சொல்வதில்லை, நாய்க்குட்டி என்கிறார்கள். சாப்பாடு போடுபவரைத் தெரிந்துகொண்டு கண்ணாடி ஓரம் ஓடி வரும். கையிலிருந்தே உணவை வாங்கும். பிடிக்காத இடத்தில் உள்ள கல்லைத் தள்ளிப் போடும். 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட ஃபிளவர்ஹார்ன் இன்னும் முரடு. தலைப் புடைப்பு அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி வாங்குவோர் பலர். அது தொட்டிக்குள் வேறு யாரையும் சகிக்காது.

சகிக்க முடியாமல் போவது மனிதர்களுக்கும் நடக்கிறது. மீன் பெரிதாகிறது, தொட்டி போதவில்லை, சாக அடிக்கவும் மனம் வரவில்லை. வாளியில் எடுத்துப்போய் ஏரியில் விடுகிறார்கள். புண்ணியம் என்று நினைப்பு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆஸ்கர் இப்போது காட்டு மீனாகவே பெருகிவிட்டது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அமேசானின் அரபைமா வலையில் சிக்கியது. வேட்டையாடும் அயல் மீன் புகுந்த நீரில் உள்ளூர்க் குஞ்சுகள் தப்புவது கடினம். வளர்க்க முடியாத மீனைக் கடைக்கோ, பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறொருவருக்கோ கொடுப்பதுதான் நியாயம்.

ஆகவே காலிஃப் தெருவுக்கோ கொளத்தூருக்கோ முதல் முறை போகும் குடும்பம், தொட்டியை மட்டும் வாங்கித் திரும்புவது நல்லது. வெறும் தண்ணீரில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மீன் எங்கே என்று குழந்தை தினமும் கேட்கும். ஒரு மாதம் அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்ட வீட்டில், அடுத்த பத்து வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடிக் கண்கள் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருக்கும்.