சதுரங்கத் தேர்ச்சியும் சதுரங்கப் பொறியும்

சதுரங்கத்தில் பெருந்தேர்ச்சி அடைவது கடினமா, அன்றி அதனைத் திறம்பட ஆடும்படி ஒரு கணிப்பொறியைப் பழக்குவது கடினமா? இவ்விரண்டையும் முயன்று பார்த்தவர் சோவியத் நாட்டின் மிகயில் பொத்வின்னிக். 1948-இல் உலக வீரர் பட்டம் பெற்ற அவர், அதனை இருமுறை இழந்து இருமுறையும் மீட்டார். 1963-இல்தான் அஃது இறுதியாக அவரை விட்டு நீங்கியது. தொழிலால் அவர் மின்பொறியியல் அறிஞர். இப்பணிக்கு அவரினும் தகுதியுடையவர் இலர் என்றே எவர்க்கும் தோன்றும்.

1970-இல் போட்டிகளினின்று விலகிய அவர், 'பயனியர்' என்னும் நிரலை உருவாக்குவதில் ஈடுபட்டார். நிரலாவது, பொறி செய்யவேண்டியவற்றைப் படிப்படியாக வகுத்துரைக்கும் ஆணைத்தொடர். வல்லுநர் எல்லா நகர்வுகளையும் ஆராய்வதில்லை. பயன்தரத்தக்க சிலவற்றையே எண்ணுகிறார். பொறியும் அவ்வாறே எண்ணவேண்டும் என்பது அவர் கொள்கை. அந்நிரல் கடினமான சில புதிர்களுக்கு விடை கண்டது. எனினும், 1995-இல் அவர் மறையும் வரையில், முழு ஆட்டத்தையும் திறம்பட ஆடும் நிலையை அஃது எய்தவில்லை.

காரணம் யாது? காய்களை நோக்கிய அளவிலேயே 'இந்நிலை நன்றன்று' என வல்லுநர் உணர்கிறார். நெடுநாட் பழக்கத்தால் விளைந்த அவ்வுணர்வைப் பொறி பின்பற்றத்தக்க விதிகளாகப் பிரித்துரைத்தல் முற்றிலும் வேறான பணியாகும்.

வெற்றி வேறு வழியில் வந்தது. அவ்வழியை 1950-இல் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார். ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்வுகள் இயலும். இருவரும் நாற்பது முறை காய் நகர்த்தினால், நிகழக்கூடிய ஆட்டங்களின் எண்ணிக்கை 1-ஐத் தொடர்ந்து 120 சுழிகள் கொண்டதாகும். ஆதலின், இறுதிவரை ஆராய்தல் இயலாது. சில நகர்வுகள் வரை முன்னோக்கி, ராணிக்கு 9, யானைக்கு 5, குதிரைக்கு 3, சிப்பாய்க்கு 1 என்றவாறு மதிப்பிட்டு, சிறந்ததைத் தேர்தல் கூடும். பயனற்ற கிளைகளை ஆராயாது விலக்கும் உபாயங்களைப் பின்வந்தோர் சேர்த்தனர். 1997 மே மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ', நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்து, உலக வீரர் காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்றது. அதனை அமைத்த முதன்மைப் பொறியியலாருள் எவரும் கிராண்ட்மாஸ்டர் அல்லர்.

ஆகவே, முதன்முதலில் வலிய நிரலை ஆக்குவது பலர் கூடி 47 ஆண்டுகள் உழைத்த அரும்பணியாயிற்று. ஆனால் அவ்வறிவு எழுத்தில் நிற்கிறது. அதனைக் கற்று, வலிய நிரல் ஒன்றை இன்று ஒரு மாணவரும் இயற்றலாம். மனிதத் தேர்ச்சியோ அவ்வாறு கைமாறுவதில்லை. ஒவ்வொருவரும் அதனை முதலிலிருந்தே ஈட்டவேண்டும். 2017-இல் வெளிப்பட்ட 'ஆல்ஃபாஸீரோ'வும், விதிகளை மட்டுமே அறிந்து, தன்னுடனேயே ஆடிப் பழகித்தான் தேர்ச்சி பெற்றது.

இவ்வேறுபாட்டை வகுப்பறையிலேயே காணலாம். அரசனும் யானையும் கொண்டு எதிரியின் தனியரசனை வெல்லும் முறையை, நன்கு ஆடும் மாணவர் ஒருவரைப் படிப்படியாக எழுதச் செய்க. காய் நகர்த்த மட்டும் அறிந்த மற்றொருவர், எழுதியபடியே ஆடட்டும். எழுத்தில் விடுபட்டவை எவை என்பது சில நகர்வுகளிலேயே புலப்படும்.