ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிரீசியா மலர்

காவிரி இரு கிளைகளாய்ப் பிரிந்து அணைத்துக்கொண்ட தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். ஆதிரங்கனைத் தரிசிக்க வரும் நம்மவர், 1784-ஆம் ஆண்டில் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் தோட்டத்தையும் கண்டு மகிழ்வர். திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்து விதைகளும் செடிகளும் தருவித்தவர். ஆகவே, பிறநாட்டுச் செடியைப் பேணும் ஆசை இவ்வூருக்குப் புதியதன்று. அவ்வாசை உடையோர் வளர்த்துப் பார்க்கத்தக்க நறுமண மலர் பிரீசியா.

தென்னாப்பிரிக்காவின் கேப் பிரதேசமே இதன் தாயகம். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டிருக்கும். ஆதலால் இச்செடி குளிரில் தழைத்துப் பூக்கும். கோடையில் இலை காய்ந்து, மண்ணுக்குள் கிழங்காய் உறங்கும். இவ்வுறக்கத்தை மதிப்பதே இதனை வளர்க்கும் முறையின் சாரம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மழை ஓய்ந்து இரவு குளிரத் தொடங்கும் அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ கிழங்கை நடவேண்டும். வயல்மண் நீரைத் தேக்குமாகையால் மணலும் இலைமக்கும் கலந்து, பாத்தியைச் சற்று உயர்த்துக. கூரிய முனை மேல்நோக்க, 2 அங்குல ஆழத்தில், 2 அங்குல இடைவெளியில் நடுக. 6 அங்குலத் தொட்டியில் ஆறு கிழங்குகள் அடங்கும். முளைக்கும்வரை நீர் சிறிதே போதும். பின்னர் மண் உலராமல் காத்தல் வேண்டும். தண்டு மெலிந்ததாகையால் குச்சி நட்டுக் கட்டுக.

வீட்டினுள் வைப்போர் கிழக்குச் சன்னலருகே, அடுப்பின் அனல் படாத இடத்தைத் தேர்க. இரவில் தாழ்வாரத்துக் குளிர்ச்சி நன்று. வெப்பம் மிகுந்தால் மொட்டுகள் கருகிவிடும். முதல் மொட்டு விரியும்போது தண்டைக் கொய்து நீரில் இட்டால், எஞ்சியவை ஒவ்வொன்றாய் மலரும்.

பூத்து முடிந்தபின் இலை பழுக்கும். செடி இறந்ததென்று தொட்டியைக் கொட்டிவிடுவோர் பலர். யானோ எதிர்ப்பிழை செய்தேன்: இரக்கத்தால் மழைக்காலம் முழுதும் நீர் வார்த்தேன்; அக்டோபரில் தோண்டியபோது அழுகிய தோல்களே மிஞ்சின. இலை மஞ்சளாகும்வரை நீர் விடுக, பிறகு நிறுத்துக. இலை முற்றும் காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி உலர்த்தி, காகிதப் பையிலிட்டு, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைத்திடுக. மலருக்குப் பகையான கோடை வெப்பமே கிழங்கின் உறக்கத்தைக் கலைத்து, அடுத்த முளைக்கு ஆயத்தமாக்குகிறது.

தில்லியில் வாழும் நேயர்களும் அக்டோபரில் நடலாம். கடும் உறைபனியிலிருந்து மட்டும் காத்தல் வேண்டும். பம்பாய்க் கடற்கரையின் வெப்பத்தில் பிரீசியா எளிதில் பூக்காது. அங்குள்ளோருக்கு நிலச்சம்பங்கி உண்டு. மெக்ஸிகோவிலிருந்து வந்த அம்மலரும் இன்று நம் மாலைகளில் நம்முடையதாகவே மணக்கிறது. வந்த ஊரின் பருவத்தை அறிந்து, சொந்த ஊரின் இயல்பையும் காத்துக்கொள்ளும் செடியே நிலைக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது விளங்காததன்று.