எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால்...

ஆயுதப்படையில் முப்பது வருடம் இருந்த என் மாமாவின் இடைசெவல் வீட்டில், ஞாபகத்துக்கென்று ஒரு காலித் தோட்டாகூடக் கிடையாது. “ஒண்ணாவது எடுத்து வச்சிருக்கலாமே மாமா?” என்றேன்.

“எடுத்து வைக்கவா? ஒண்ணு காணாமப் போனதுக்கே அரை நாள் வெயில்ல கெடந்தோம் மாப்ள!”

சுடும் பயிற்சியில் ஆளுக்குப் பத்து ரவுண்டு கொடுத்தால், பத்து பித்தளை உறையும் திரும்பி வர வேண்டும். பொறுக்கி, எண்ணி, பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் சாப்பாடு. அன்று ஒன்று குறைந்தது. கோடைக் கரிசல் எப்படிப் பாளம் பாளமாக வெடித்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே! தெறித்த உறை அந்த வெடிப்புக்குள் போயிருக்க வேண்டும். ஆளுக்கொரு கம்பியோடு மண்ணைத் துழாவியிருக்கிறார்கள்.

ஒரு துண்டு பித்தளைக்கா இத்தனை பாடு? அது வெறும் பித்தளை இல்லை, கணக்கு. உறை இருந்தால்தான் தோட்டா சுடப்பட்டதற்குச் சாட்சி. இல்லையென்றால், சுடாத தோட்டா ஒன்று வெளியே போய்விட்டதோ என்ற சந்தேகம் வரும்.

இன்னொன்று, அந்த உறை மறுபடி பயன்படும். 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த பித்தளை அது. சுடும்போது விரிந்து புகை பின்னால் வராமல் அடைத்துக்கொள்ளும்; உடனே கொஞ்சம் சுருங்கி, சிக்காமல் வெளியே வரும். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்கள் இதைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, புது ப்ரைமர், மருந்து, குண்டு வைத்துப் பலமுறை சுடுவார்கள். கழுத்தில் விரிசல் விட்டால் பழைய பித்தளைதான். என்.சி.சி. பிள்ளைகள் சுடும் .22 தோட்டாவில் இது சரிப்படாது. பற்றவைக்கும் மருந்து அதன் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ப்ரைமர் என்பது உறையின் அடியில் இருக்கும் சின்ன மூடி. பழைய ப்ரைமர்களில் இருந்த பொட்டாசியம் குளோரேட், கோவில்பட்டித் தீக்குச்சி முனையிலும் இருப்பதுதான். அது எரிந்தால் உப்புப் படிந்து குழல் துருப்பிடிக்கும். மாமா காலத்து .303 துப்பாக்கியில் சுட்டதும் கொதிக்கும் வெந்நீர் ஊற்றிக் கழுவியது அதனால்தான்.

சுடுதளத்தை ஒட்டிய ஊர்களில் எடைக்குப் போடப் பித்தளை பொறுக்கப் போகிறவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து. வெடிக்காமல் போன தோட்டா குண்டோடு அப்படியே கிடக்கும். ராணுவத் தளங்களில் வெடிக்காத பீரங்கிக் குண்டே கிடக்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30 அன்று, சுடுதளத்திலிருந்து விலகி வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. ஜனவரி 3-ல் இறந்துபோனான். தளத்துக்குள் கால் வைக்காத பிள்ளைக்கே அந்தக் கதி! உங்கள் பிள்ளை எங்காவது தோட்டாவைப் பார்த்தால் தொடாமல் வந்து சொல்லச் சொல்லுங்கள். 100-க்கு ஒரு போன் போதும்.

அன்றைக்கு அந்த உறை கிடைத்ததா?

“கெடைச்சுது மாப்ள, ஆனா ரெண்டா வந்துச்சு! ஒண்ணு எங்களது. இன்னொண்ணு எந்த வருசத்துதோ, பச்சை பூத்துக் கெடந்துச்சு. கூடுதலா வந்ததுக்கும் எழுதிக் கொடுத்துட்டுக் கெளம்பச் சாயங்காலம் ஆயிப்போச்சு.”